ரஷ்யர்கள் எரிச்சல்படும்போது ஆங்கிலத்தில் என்ன எழுதுவது?

ரஷ்யத் தொடர்களுக்கும் படங்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் எழுதுவதுதான் என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், அதுவும் ரஷ்யாவில் படித்துவிட்டு வந்த நம் பிள்ளைகள், என்னிடம் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை எரிச்சலைப் பற்றியவைதான். காதல் வசனம் எப்படியோ வந்துவிடுகிறது, சோகமும் வந்துவிடுகிறது. அடுப்படியில் நிற்கிற ஒரு பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் புருஷனிடம் 'தஸ்தால்!' என்று ஒரே சொல்லை வீசும் இடத்தில்தான் கை நின்றுபோகிறது. அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு எட்டிப் பிடித்தான், எடுத்தான், தேடி வாங்கினான் என்றெல்லாம் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு 'யூ காட் மீ' என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கிறவனுக்கு 'சரி, நீ என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய்' என்றோ 'அது எனக்குத் தெரியாதப்பா' என்றோதான் புரியும். அந்தப் பெண் சொல்வது அதுவே இல்லை. 'போதும்டா சாமி, இதுக்கு மேல முடியாது' என்கிறாள்.

ரஷ்ய எரிச்சல் சொற்களில் படத்தைத் தேடாதீர்கள், எல்லையைத் தேடுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது. அந்த மொழியில் 'தொ' என்று ஒரு முன்னொட்டு இருக்கிறது, அழுத்தம் வேறு அசையில் விழுந்தால் 'த' என்று ஒலிக்கும், 'வரைக்கும்' என்று பொருள். எரிச்சல் வினைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், பல இந்த ஒட்டோடுதான் நிற்கும். தஸ்தால், கைக்கு எட்டும்வரை வந்துவிட்டான். தவ்யோல், ஒரு நிலைவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தப்யோக், முழுக்க வேகும்வரை அடுப்பில் வைத்துவிட்டான். தகனால், கதையை முடிக்கும்வரை விடவில்லை. தகபால்ஸ்யா, தோண்டித் தோண்டி நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டான், அதாவது சும்மா இருந்தவனை வம்புக்கு இழுக்கிறான். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய பொறுமைக்கு ஒரு கோடு இருக்கிறது, இன்னொருவர் அதைத் தொட்டுவிட்டார். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் 'அப்' என்ற சின்னச் சொல் செய்கிறது: ஃபெட் அப், ஹேட் இட் அப் டு ஹியர், அப் தி வால். தமிழில் 'விட்டது' செய்கிறது. 'அலுக்கிறது' என்பதற்கும் 'அலுத்துவிட்டது' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரஷ்ய மொழியில் 'நதயெதாயெத்' என்பதற்கும் 'நதயேல்' என்பதற்கும் நடுவே அதே தூரம்தான். முதலாவது நடந்துகொண்டிருக்கிறது, இரண்டாவது வந்து சேர்ந்துவிட்டது.

அதனால் ஒரு வசனம் வந்ததும் நான் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, இது ஏறிக்கொண்டிருக்கிற எரிச்சலா, ஏறி முடிந்த எரிச்சலா, இல்லை இந்த நொடியில் சுரீரென்று வந்ததா என்பது. 'பியேஸித்' என்ற சொல் சுரீர் வகை. 'பியேஸ்' என்றால் பேய், பிசாசு. ஏதோ ஒன்று நமக்குள் பேயைக் கிளப்பிவிடுகிறது. மேல்மாடியில் துளைக்கும் இயந்திரச் சத்தம், பக்கத்தில் ஒருவர் சப்புக்கொட்டிச் சாப்பிடுவது, இவற்றுக்கெல்லாம் இளைஞர்கள் வாயில் வருவது இதுதான். இதற்கு 'ஐ ஆம் ஃபெட் அப்' என்று எழுதினால் தவறு, அதில் பல நாள் சலிப்பு இருக்கிறது. 'இட் டிரைவ்ஸ் மீ நட்ஸ்' சரியாக உட்காரும். மாறாக 'அஸ்தசெர்த்தேலா' என்று ஒருவர் சொன்னால் அது வருடக்கணக்கில் சேர்ந்த சலிப்பு, அந்தச் சொல்லுக்குள் 'சோர்த்' என்ற சாத்தானே உட்கார்ந்திருக்கிறான். 'ஐ ஆம் சிக் டு டெத் ஆஃப் இட்' அளவுக்காவது போகவேண்டும். இரண்டு சொல்லிலும் பிசாசு இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே ஆங்கிலத்தில் அடைத்துவிடுகிறார்கள், அப்போது கதாபாத்திரத்தின் பத்து வருட வாழ்க்கை காணாமல் போய்விடும்.

நமக்கு ஒரு வசதி உண்டு. ரஷ்யர்கள் 'எனக்கு அலுத்துவிட்டது' என்று நான்காம் வேற்றுமையில்தான் சொல்வார்கள், 'ம்னே நதயேலா'. அலுப்பு வந்து என்மேல் விழுகிறது, நான் அதைச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் 'நான்' எழுந்து முன்னால் வந்து நிற்கவேண்டும், 'ஐ ஆம் டயர்ட் ஆஃப்', 'ஐவ் ஹேட் எனஃப்'. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்களுக்கு இந்த வாக்கிய அமைப்பைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியிருக்கும், நம் ஆட்களுக்கு ஒரே நிமிடம். அதனால்தான் ரஷ்ய வரியை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் என்கிறேன். 'உயிரை எடுக்காதே' என்று வருகிறதா, 'சும்மா இரேன்' என்று வருகிறதா, 'போதும் போதும்னு ஆயிடுச்சு' என்று வருகிறதா? அது வந்துவிட்டால் சூடு என்ன என்று தெரிந்துவிடும். அதற்குச் சமமான சூட்டில் ஆங்கிலத்தைத் தேடுவது பிறகு அவ்வளவு கஷ்டமில்லை. இந்த வழியில் ஒரு ஆபத்தும் உண்டு, தமிழ் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். உயிர், பிராணன், கழுத்து, மண்டை என்று நம் எரிச்சல் எப்போதுமே கொலைவரை போகிறது. ஆங்கிலத்தில் அதை அப்படியே போட்டால் நாடகமாகிவிடும். தமிழ் வெப்பமானி மட்டும்தான், அதிலிருந்து சொற்களை எடுக்கக்கூடாது.

அடுத்து, யார் வாயில் வருகிறது என்பது. 'ஹூஷெ கோர்க்கய் ரேத்கி', கசப்பு முள்ளங்கியைவிட மோசமாக அலுத்துவிட்டான் என்று ஒரு பழைய வழக்கு உண்டு. நீண்ட நோன்பு நாட்களில் முள்ளங்கி தின்று வளர்ந்த கிராமத்து ருசி அது. இன்றைக்கு இதை ஒரு பாட்டி சொல்வாள், அல்லது பாட்டியைப்போலப் பேசிக்காட்டுகிற பேரன் சொல்வான். பாட்டி சொன்னால் நான் 'சிக் அண்ட் டயர்ட்' என்றோ, பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால் 'ஃபெட் அப் டு தி பேக் டீத்' என்றோ எழுதுவேன். முள்ளங்கி போய்விடுகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். போகட்டும். முள்ளங்கியைப் பற்றியே அடுத்த வரியில் பேச்சு வந்தால் ஒழிய அதைக் காப்பாற்றத் தேவையில்லை. 'பெச்சோன்க்கஹ் சிதீத்', ஈரலில் உட்கார்ந்திருக்கிறான் என்பது எல்லா வயதினரும் சொல்வது. 'பான்னி லிஸ்த்', குளியலறை இலை, அதன் கதை வேறு. நீராவிக் குளியல் அறையில் பிர்ச் மரக் கிளைகளைக் கொத்தாகக் கட்டி நனைத்து உடம்பில் அடித்துக்கொள்வார்கள், வெந்த இலை பிய்ந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும், கையால் எடுத்தாலும் வராது. விடாமல் தொல்லை கொடுப்பவனை 'குளியலறை இலை மாதிரி ஒட்டிக்கொண்டான்' என்பார்கள். நாம் அட்டை என்போம். ஆங்கிலத்தில் 'லைக் எ பர்' என்று நெருங்கின உவமை இருந்தாலும் இன்று யாரும் அதைப் பேச்சில் சொல்வதில்லை, 'ஐ கான்ட் ஷேக் ஹிம் ஆஃப்' என்று உவமையில்லாமல் எழுதிவிடுவதே நல்லது.

மனைவி கணவனைத் தொணதொணப்பதற்கு ரஷ்ய மொழியில் 'பிலீத்' என்பார்கள், ரம்பத்தால் அறுப்பது. அதில் ஒரு தாளம் உண்டு, முன்னும் பின்னும், முன்னும் பின்னும், மரம் துண்டாகும்வரை. ஆங்கில 'நாக்' அதை ஓரளவு தாங்கும். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் பெண்களை மட்டம்தட்டும் சொல்லாகிவிட்டது, இன்றைய நகரத்துக் கதாநாயகி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அது பொருந்தாது, அங்கே 'ஹீ இஸ் ஆல்வேஸ் ஆன் மை கேஸ்' என்று மாற்றுவேன். இளைய தலைமுறை இதே அர்த்தத்துக்கு 'வினசீத் மோஸ்க்' என்கிறது, மூளையை வெளியே எடுத்துக்கொண்டு போவது. பிரிட்டிஷ்காரர்களின் 'டூயிங் மை ஹெட் இன்' இதற்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி. அமெரிக்கப் பார்வையாளருக்கு அது அந்நியமாக ஒலிக்கும்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள், எந்த ஆங்கிலம் என்று முடிவு செய்யாமலே ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் காட்சியில் 'அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்', மூன்றாம் காட்சியில் அதே ஆள் 'அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்' என்றால் அவன் லண்டன்காரனா, சிகாகோக்காரனா? 'பிஸ்ட்' என்றால் அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் குடிபோதை. ஒரு தொடரில் குடிக்கவே குடிக்காத மாமியார் 'பிஸ்ட்' ஆகிவிட்டால் கதையே மாறிவிடும். 'எனஃப் ஆல்ரெடி' என்பதில் யூதர்கள் பேசும் யித்திஷ் மொழியின் வாசனை உண்டு, நியூயார்க் தெரு கேட்கும், வோல்கா கரையில் வாழும் தபால்காரருக்கு அது ஒட்டாது. வேலை கொடுப்பவரிடம் முதல் நாளே கேளுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. அவர்களுக்கே தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் புரிகிற பொது வழக்குகளோடு நில்லுங்கள். 'கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்' எங்கும் செல்லும். ரஷ்ய மொழியிலும் 'நெர்வி' என்று அதே நரம்புதான், அதே வாக்கியம்தான். ரொம்பச் சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று சந்தேகப்பட்டு அதை ஒதுக்கிவிட்டு வேறு தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் படித்த காலத்தில் எனக்கு இந்தப் பாடத்தைக் கற்றுத்தந்தது வகுப்பறையைவிட ஒரு மருத்துவமனை வரிசைதான். அங்கே பாலிகிளினிக்கில் வரிசை என்றால் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. தாழ்வாரத்தில் அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நுழைகிறவர் 'க்தோ பஸ்லேத்னி?' என்று கேட்கவேண்டும், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கையைத் தூக்குவார், 'அப்போ நான் உங்களுக்குப் பின்னால்' என்று சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த வரிசை அத்தனை பேர் மனத்திலும் துல்லியமாக இருக்கும். அன்று தோல்கைப்பிடி வைத்த பையோடு ஒருவர் நேராகக் கதவருகே போய், 'ம்னே தோல்க ஸ்ப்ரசீத்' என்றார், ஒன்றே ஒன்று கேட்கணும், அவ்வளவுதான் என்று. தாழ்வாரம் முழுக்க நிமிர்ந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே 'ஃப்ஸேம் தோல்க ஸ்ப்ரசீத்' என்றார், எல்லாருக்கும் ஒன்றே ஒன்றுதான் கேட்கணும். அப்புறம் இன்னொருவர், 'வாஸ் ஸ்தேஸ் நி ஸ்தயாலா!'

அந்தக் கடைசி வாக்கியம் ரஷ்யர்கள் எல்லோருக்கும் தெரிந்தது, சோவியத் காலத்து வரிசைகளின் முத்திரை. இலக்கணப்படி 'நீங்கள் இங்கே நிற்கவில்லை' என்று நேராகச் சொல்லலாம். ஆனால் இது 'உங்களுடைய நிற்பு என்ற ஒன்றே இங்கே இருந்ததில்லை' என்பதுபோலக் கோணிக்கொண்டு நிற்கும். எதிரே நிற்கிற ஆள் இருந்ததாகவே கணக்கில் இல்லை என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது. அதன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர முயன்றால் பேசுகிறவருக்கு ஆங்கிலம் தெரியாதது போலத் தோன்றும். நான் பல வருடங்களுக்குப் பிறகு இதுபோன்ற ஒரு காட்சிக்கு எழுதியபோது 'தேர் இஸ் எ க்யூ, யூ நோ' என்று போட்டேன். வெள்ளைக்காரர் வரிசையில் இதற்கு மேல் கடுமையாகச் சொல்வதும் அரிது, அந்த 'யூ நோ'வில் எல்லா விஷமும் இருக்கிறது. முதல் அம்மாவின் பதிலுக்கு இன்னும் எளிது. வந்தவர் 'ஐ ஜஸ்ட் ஹேவ் எ க்விக் கொஸ்டின்' என்று சொல்ல, இவர் 'டோன்ட் வீ ஆல்' என்கிறார். மூன்று சொல், அதே அலுப்பு, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கத் தேவையில்லாத அதே தொனி. ரஷ்யர் சத்தத்தைக் கூட்டுகிற இடத்தில் ஆங்கிலேயர் குரலைக் குறைக்கிறார், சூடு ஒன்றுதான். 'ஐ ஆம் எ லிட்டில் அனாய்ட்' என்று ஒரு பிரிட்டிஷ் மேலாளர் சொன்னால் ஓடிவிடவேண்டும், அது நம்மூர்க் கத்தலுக்குச் சமம்.

ஒரே மாதிரி தோன்றி ஏமாற்றும் சோடிகள் சில இருக்கின்றன, அவற்றைத் தனியாக எழுதி மேசைமேல் ஒட்டிவைப்பது நல்லது. 'லேஸ்த் ந ஸ்தேனு', சுவரில் ஏறுவது. ஆங்கிலத்திலும் சுவர் இருக்கிறது என்று உடனே 'க்ளைம்பிங் தி வால்ஸ்' என்று போட்டுவிடுவார்கள். ரஷ்யன் பல்வலியில் சுவரில் ஏறுவான், ஆத்திரத்தில் ஏறுவான். ஆங்கிலேயன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து வெளியே போகமுடியாத தவிப்பில் ஏறுவான். இன்னொன்று, 'தவெஸ்தீ த பேலவ கலேனியா', வெண்சூடு வரும்வரை ஏற்றுவது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, அப்புறம் மஞ்சளாகி, கடைசியில் வெளுக்கும், அந்தக் கடைசிக் கட்டம். 'மேக்ஸ் மை பிளட் பாயில்' என்று எழுதத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் ரத்தம் கொதிப்பது பெரும்பாலும் அநியாயத்தைக் கண்டு, ஏழையை ஏமாற்றியவனைக் கண்டு. வெண்சூடு அப்படியில்லை, பக்கத்து வீட்டுப் பையன் மூன்று மணிநேரம் பந்தைச் சுவரில் அடித்தாலே வந்துவிடும். அதற்கு 'டிரைவ் மீ ரவுண்ட் தி பெண்ட்' போதும். 'ககாயா மூஹா திப்யா உகுசீலா?', உன்னை எந்த ஈ கடித்தது? இதற்கு 'வாட்ஸ் ஈட்டிங் யூ' என்று எழுதுவார்கள், பூச்சியும் கடியும் ஒத்துப்போகிறதே என்று. அது உள்ளே என்ன கவலை என்று கேட்கிறது. ரஷ்யர் கேட்பது, இப்போ வரைக்கும் நல்லாத்தானே இருந்தே, திடீர்னு என்ன ஆச்சு என்று. 'வாட்ஸ் காட் இன்டு யூ' அதுதான்.

அம்மாக்கள் வாயில் வரும் 'தவெத்யோஷ் தி மின்யா!' எனக்கு மிகவும் பிடித்த வரி. 'நீ என்னை ஓட்டிக்கொண்டு போய்விடுவாய்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள், எங்கே என்று சொல்லமாட்டார்கள். 'யூ வில் பி தி டெத் ஆஃப் மீ' என்று எழுதினேன், இன்றுவரை மாற்றத் தோன்றவில்லை. 'என் உசுர வாங்கத்தான் வந்து பொறந்திருக்கே' என்று நம் அம்மாக்கள் சொல்லும்போது இருக்கிற பாசம் மூன்று மொழியிலும் இருக்கிறது, எரிச்சலில் பாசம் எத்தனை பங்கு என்று பார்க்காமல் மொழிபெயர்க்கவே கூடாது.

சப்டைட்டிலுக்கென்று ஒரு தனிக் கஷ்டம், நடிகரின் உடம்பும் பேசுகிறது. ஒரு குடும்பத் தொடரில் மாமியாரும் மருமகளும் சண்டை. மாமியார் உள்ளங்கையைக் கவிழ்த்து, விளிம்பைத் தொண்டைக்குக் குறுக்கே வைத்து, 'தி உ மின்யா வோத் க்தே சிதீஷ்' என்கிறார், நீ எனக்கு இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாய். கை திரையில் தெரிகிறது. நான் 'யூ டிரைவ் மீ க்ரேஸி' என்று எழுதினால் அந்தக் கை அனாதையாகிவிடும். 'ஐவ் ஹேட் இட் அப் டு ஹியர் வித் யூ' என்றால் ஆங்கிலமும் கை வைத்த இடத்தைச் சுட்டிவிடுகிறது, பார்க்கிறவர் கண் தானாகத் தொண்டைக்குப் போகிறது. ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி என்பதுதான் பல நிறுவனங்கள் கேட்கும் அளவு, அதற்குள்ளும் அடங்குகிறது. அதே சண்டையில் அடுத்தடுத்து ஐந்து மரபுத்தொடர்கள் வருகின்றன. ஐந்துக்கும் ஐந்து ஆங்கிலத் தொடர் தேடி வைத்தால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள், அகராதி பேசுவது போலிருக்கும். ரஷ்யப் பேச்சு மரபுத்தொடரை அள்ளிக்கொட்டும், ஆங்கில எரிச்சல் குட்டி வாக்கியங்களில் வாழ்கிறது: 'டூ யூ மைண்ட்?', 'நாட் நவ்', 'ரியலி?'. ஐந்தில் இரண்டுக்கு மட்டும் தொடர், மற்றவற்றை வெட்டி இப்படிச் சின்னதாக்கினேன். காட்சியின் வேகமும் தப்பித்தது.

நீ, நீங்கள் பிரச்சினையைச் சொல்லாமல் போகமுடியாது. ரஷ்யத்தில் 'தி', 'வி' என்று நம்மைப் போலவே இரண்டு உண்டு. நெருங்கிய தோழிகள் திடீரென்று 'வி'க்கு மாறினால் அது கோபத்தின் உச்சம், 'நீங்க பெரிய ஆளுங்க, உங்ககிட்ட நான் என்னங்க பேசறது' என்று நாம் சொல்வோமே, அதுதான். முன்பின் தெரியாதவரை 'தி' என்றால் அடிதடி. ஆங்கிலத்தில் எல்லாமே 'யூ'. நான் செய்வது இது: நீங்களுக்கு மாறும் இடத்தில் ஆங்கிலத்தில் சுருக்க வடிவங்களை எல்லாம் எடுத்துவிடுவேன். அதுவரை 'ஐ டோன்ட்', 'யூ'ர்' என்று பேசிக்கொண்டிருந்தவள் 'ஐ டூ நாட் ரிகால் ஆஸ்கிங் யூ' என்று முழுசாகப் பேச ஆரம்பிப்பாள். அறையின் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். பெயர்களிலும் இப்படித்தான். சாஷா திடீரென்று 'அலெக்ஸாந்தர்' ஆனால் விஷயம் முற்றிவிட்டது. ஆங்கிலத் தாய்மார்கள் கோபம் வந்தால் பிள்ளையின் முழுப் பெயரையும் நடுப்பெயரோடு சொல்லிக் கூப்பிடுவார்கள், அதனால் பெயரை முழுசாக விட்டாலே பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

வசைக்குப் பதிலாக வரும் பொய்ச்சொற்கள் தனி உலகம். 'ப்ளீன்' என்றால் தோசை மாதிரியான அப்பம், ஆனால் ஒரு கெட்ட வார்த்தையின் முதல் எழுத்துக்களோடு ஆரம்பிப்பதால் அதற்கு மாற்றாகிவிட்டது. ஆங்கிலத்தில் 'ஷூட்', 'ஃபட்ஜ்' எல்லாம் இதே தந்திரம். 'யோல்கி பால்கி', ஊசியிலை மரமும் குச்சிகளும், சற்று வயதானவர் வாயில் பொருந்தும், 'ஃபார் க்ரையிங் அவுட் லவுட்' என்பேன். இங்கே ஒரு கேள்வி வரும். 2014 ஜூலை 1 முதல் ரஷ்யாவில் திரையரங்குப் படங்களிலும் நாடகங்களிலும் ஆபாச வசைகளுக்குச் சட்டப்படி தடை. அதனால் நிஜத்தில் பச்சையாகத் திட்டுகிற லாரி டிரைவர் திரையில் 'ப்ளீன்' என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் பச்சையாக்கி 'நிஜத்தை' மீட்கலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுதியவர் அந்தத் தடைக்குள்தான் அந்த ஆளைச் செதுக்கியிருக்கிறார், நாம் இல்லாததைச் சேர்த்தால் வேறொரு படம் ஆகிவிடும். 'டேம்' என்ற லேசான வசை வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கருவிகள் என்று கேட்டால், சோஃபியா லுபென்ஸ்கியின் ரஷ்ய-ஆங்கில மரபுத்தொடர் அகராதி, முதல் பதிப்பு 1995இல் வந்தது, இன்னும் அதற்கு இணை நான் பார்க்கவில்லை. யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்வது என்பதை அது குறித்துவைக்கிறது, இலக்கியத்திலிருந்து மேற்கோளும் அதன் மொழிபெயர்ப்பும் கூடவே தருகிறது. அப்புறம் ரஷ்ய தேசியத் தொகுப்பு, ரஷ்ய எழுத்துகளைத் திரட்டிவைத்து ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடித்தருகிற தளம், 2004 முதல் இணையத்தில் இலவசம். அதன் இணைமொழிப் பகுதியில் ஒரு தொடரைப் போட்டால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பத்துப் பேர் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பக்கத்திலேயே வந்து நிற்கும். அதைப் பார்த்து அப்படியே எடுக்கவேண்டாம், எத்தனை பேர் உவமையைக் கைவிட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள், தைரியம் வரும்.

புதுச் சொற்களுக்கு இவை எதுவும் உதவாது. 'துஷ்னீலா' என்று இப்போது எல்லா இளைஞர்களும் சொல்கிறார்கள், 'துஷ்னா' என்றால் புழுக்கம், காற்றில்லாமல் மூச்சு முட்டுவது. கூட்டத்தில் ஒருவர் ஜோக் சொன்னால் 'உண்மையில் அது அப்படியில்லை' என்று திருத்த ஆரம்பித்து அறையையே புழுங்கவைக்கிற ஆள் துஷ்னீலா. நம் கழுத்தறுப்புக்குப் பக்கத்தில் வரும், ஆனால் கழுத்தறுப்பு வெறும் அறுவையாக இருந்தால் போதும், துஷ்னீலா கட்டாயம் திருத்துபவனாக இருக்கவேண்டும். 'பெடன்ட்' என்றால் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது. 'பஸ்கில்' என்றால் உற்சாகத்தைக் கெடுப்பவன் என்பது மட்டும் வருகிறது, திருத்துவது போய்விடுகிறது. ரஷ்ய நண்பர்களிடம் இந்தச் சொல்லை யாரிடம் நேராகச் சொல்வீர்கள் என்று கேட்டேன், நண்பனிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், மேலதிகாரியிடம் முடியாது என்றார்கள். அதனால் நண்பர்கள் காட்சி என்றால் 'ஓகே, ப்ரொஃபசர்' என்று எழுதுகிறேன், முதுகுக்குப் பின்னால் பேசும் காட்சி என்றால் 'ஹீ சக்ஸ் தி ஏர் அவுட் ஆஃப் தி ரூம்' என்று. இரண்டாவதில் புழுக்கமும் கூடவே வந்துவிடுகிறது.